அமுக்கிக் கட்டிய மத்தியானம்

ஏழுசுனையில் மத்தியானம் குறைய ஆரம்பித்ததற்கு முதல் காரணம் ஒரு லாரி ஜாக்கி. இரண்டாவது காரணம் தவசி. மூன்றாவதாகக் கடவுளையும் சேர்த்துச் சொல்வார்கள், ஆனால் அவர் மேல் வழக்கு எதுவும் பதிவாகவில்லை என்பதால் அவரை விட்டுவிடலாம்.

மேலப்பேட்டைக்கு மேற்கே, மலையின் தோள்பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் ஏழுசுனை. மிளகும் பலாவும் கேட்டால் சொல்கிற விளைச்சல், கஞ்சா கேட்டாலும் சொல்லாத விளைச்சல். வெள்ளைக்காரன் காலத்தில் சர்க்காரே ஏலம் விட்டுக் கடை வைத்து விற்ற சரக்கு அது என்றும், அப்போதெல்லாம் அதை வைக்கோல் மாதிரிக் கற்றை கற்றையாக வண்டியில் ஏற்றி, மணி கட்டிய மாடு பூட்டி, பாட்டுப் பாடிக்கொண்டே இறங்குவார்கள் என்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பிறகு சட்டம் மாறி, விற்ற கையே பிடிக்க வந்ததும்தான் அந்தக் கஞ்சாப் பூ அடைத்துக்கொள்ளும் இடத்தின் மேல் எல்லோருக்கும் கோபம் வந்தது. ஒரு மூட்டைக் கஞ்சா என்பது பார்க்கத்தான் மூட்டை, உள்ளே முக்கால்வாசி காற்று, காற்றுக்காக எவன் ஜெயிலுக்குப் போவான். தலையணையில் அடைத்துப் பார்த்தார்கள். பிறகு மெத்தையில் அடைத்து, கல்யாணச் சீர் என்று சொல்லித் தலைச்சுமையாக இறக்கினார்கள். கல்யாண வயதில் ஊரில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள், சடச்சி என்று பெயர். ஒரு தை மாதம் முழுக்க இறங்கிக்கொண்டே இருந்த மெத்தைகளைப் பார்த்த செக்போஸ்ட் ஏட்டையா, “அந்தப் புள்ள எத்தன மெத்தையிலதாம்ப்பா தூங்கும்” என்று கேட்டார். மெத்தைக் காலம் அத்தோடு முடிந்தது.

அடுத்து வந்தது அமுக்குகிற காலம். தவசியின் அப்பா பலகைக்கு மேல் பலகை வைத்து, நடுவில் சரக்கை வைத்து, ஊரிலேயே கனமான ஆளை மேலே உட்காரவைத்தார். அந்த ஆள் அங்கேயே சோறு தின்று, அங்கேயே தூங்கி, அங்கேயே நாலு பேருக்குப் பஞ்சாயத்தும் சொல்லிவிட்டு எழுந்திருப்பார், அவர் எழுந்ததும் சரக்கும் கூடவே எழுந்துகொள்ளும். மில்லில் பருத்தி அமுக்குகிற மாதிரி இதை அமுக்க ஒரு வழி வராதா என்று ஏங்கிக்கொண்டே அவர் செத்துப்போனார். அவர் காரியம் முடிந்த மறுநாள், கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி கவிழ்ந்தது. அதிலிருந்து உருண்டு வந்த ஜாக்கி தவசி வீட்டு வாசலில் வந்து நின்றது.

தவசி அதை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, பலாப் பலகையில் பெட்டி செய்து, அமுக்கினான். முதல் பாளம் செங்கல் மாதிரி வெளியே வந்தது. மலைக்காரர்கள் அதைப் பாளம் என்றார்கள், போலீஸ்காரர்கள் பார்சல் என்றார்கள். நல்ல பாளத்துக்கு இலக்கணம் உண்டு. காம்பும் விதையும் களைந்த பூவாக இருக்க வேண்டும். ரொம்பக் காய்ந்தால் பொடியாகும், ஈரமிருந்தால் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக் கறுத்து மாட்டுக்கொட்டகை நாற்றம் அடிக்கும். சரியாக அமைந்தால் உடைக்கும்போது பரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரியும், உள்ளே பச்சையும் பொன்னுமாக ஒரு நிறம் தெரியும். காலையில் பூவில் பனி இருக்கும், சாயங்காலம் முறுகிவிடும், மத்தியானம் ஒரு பொழுதில்தான் அது வாடின வெற்றிலை மாதிரி சொன்னபடி கேட்கும். காட்டிலாகா வாட்ச்சரும் அந்நேரம் அப்படித்தான் கிடப்பார். ஆகவே தவசி மத்தியானத்தில்தான் அமுக்குவான்.

அவன் அமுக்கியது அவ்வளவு நேர்த்தியான அமுக்கு. பூவோடு பூவைச் சுற்றியிருந்த மத்தியானமும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

ஜாக்கியின் கைப்பிடியை ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் சூரியன் ஒரு முழம் மேற்கே சறுக்கும். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள் சடச்சி, இதற்குள் தவசிக்கே வாழ்க்கைப்பட்டுவிட்டிருந்தாள், எச்சில் கையோடு வாசலில் நின்று, “சோத்துக் கையக் கழுவுறதுக்குள்ள வெளக்கேத்த வேண்டியிருக்கே, என்னய்யா இது” என்றாள்.

“கார்த்திகை மாசம், பொழுது சுருங்கத்தான் செய்யும்.”

“இது சித்திரைய்யா.”

தவசி யோசித்துவிட்டு, “அப்ப அடுத்த கார்த்திகைக்கு இப்பவே சுருங்குது போல” என்றான்.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் மிச்சம் என்றார்கள். மத்தியானச் சோற்றையும் ராத்திரிச் சோற்றையும் ஒரே உட்காரலில் சாப்பிட்டுவிட்டு, ஒரு குழம்பு மிச்சம் என்றார்கள். வாத்தியார் மத்தியானப் பள்ளிக்கு எல்லோரும் வந்ததாக எழுதிவிட்டு உச்சிப்பொழுதிலேயே பஸ் ஏறினார். மலையடி அம்மன் கோவிலில் செவ்வாய்க்கிழமை ராகுகாலத்துக்கு எலுமிச்சை மூடியில் விளக்குப் போடுகிற பெண்கள், திரியைப் பற்றவைத்துக் கைகூப்புவதற்குள் இருட்டிவிடுவதைப் பார்த்து, இது அம்மனுக்கே பிடிக்கவில்லை போல என்று மூடியைப் பிழிந்து ஊறுகாய் போட்டுவிட்டார்கள். ஆடுகள் மட்டும்தான் வயிறு நிறையாமல் திரும்பி வந்து வெகுநேரம் கத்தின.

அமுக்குகிற நாளில் மட்டும் காணாமல் போன மத்தியானம், இரண்டு விளைச்சல் கழிந்ததும் அமுக்காத நாளிலும் வருவதை நிறுத்திக்கொண்டது, கறவை வற்றின மாடு மாதிரி. அப்போதுதான் வயிற்றில் அடித்தது. களத்தில் பரப்பிய மிளகு காயாமல் பூசணம் பூத்தது. ஊர்க்கூட்டத்தில் ஒருவர், வேண்டுமானால் தவசி காலையில் அமுக்கட்டும் என்றார். அப்படியானால் காலையும் போய்விடும், ரேஷன் கடை காலையில்தான் திறக்கிறது என்று இன்னொருவர் உட்காரவைத்தார். பக்கத்து மலையில் ஜாக்கியைக் கொண்டுபோய் வைத்து அவர்கள் மத்தியானத்தை அமுக்கலாம் என்று ஒரு யோசனை வந்து, எல்லோருக்கும் பிடித்துப்போய், பக்கத்து மலைக்காரர்களுக்கு மட்டும் பிடிக்காமல் போனதில் கைவிடப்பட்டது.

சடச்சிக்கு மிளகோடு இன்னொரு நஷ்டமும் இருந்தது. மத்தியானத்தில் களத்து ஓரம் பலாமரத்தடியில் சேலையை விரித்துப் படுத்து, ஊர் கேட்கக் குறட்டை விட்டுத் தூங்கினால்தான் அவளுக்கு உடம்பு உடம்பாக இருக்கும். ராத்திரித் தூக்கம் எல்லோருக்கும் பொது, மத்தியானத் தூக்கம்தான் தனக்கென்று உள்ளது என்பாள். அது போனதிலிருந்து அவள் கண்ணைச் சுற்றி வளையம் விழுந்துவிட்டது.

“நிறுத்தப் போறியா, நான் கீழ எறங்கிப் போகவா” என்றாள் தவசியிடம்.

“இருக்கிறத மட்டும் எறக்கிட்டு நிறுத்திர்றேன் புள்ள.”

இருந்ததில் தவசி அமுக்கினவை போக, அவன் மச்சினன் சீரங்கன் அமுக்கின பாளம் ஒன்றும் இருந்தது. சீரங்கனுக்கு எடை ஏற வேண்டும், வேலை சீக்கிரம் முடிய வேண்டும். முன்னொரு மழைநாளில், தவசி சந்தைக்குப் போயிருந்த சமயம், காம்பையும் விதையையும் களையாமல், கருப்பட்டித் தண்ணீரைத் தெளித்து, அவசரம் அவசரமாக அமுக்கிவைத்திருந்தான். தவசி அதைக் கையில் வாங்கித் தட்டிப்பார்த்தான்.

“இது என்ன மாப்ள, எள்ளுருண்டையா.”

“கீழ எவன் மாமா ஒடச்சுப் பாக்கப் போறான்” என்றான் சீரங்கன்.

பலாக்காய்க்கு அடியில் பாளங்களை அடுக்கி ஜீப் இறங்கியது. வளைவு ஒன்றில் குலுங்கியபோது மேலாக இருந்த பாளத்தின் மூலை உடைந்திருக்கிறது. செக்போஸ்டில் காலை எட்டு மணி. ஜீப் வந்து நின்றதும் அங்கே மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. வெயில் சாய்ந்தது, எங்கோ மரங்கொத்தி கொத்தியது, கான்ஸ்டபிள்கள் நின்ற நிலையிலேயே கொட்டாவி விட்டார்கள். தவசி தப்பித்திருப்பான். ஆனால் ஏட்டையா தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “மூணு மணிங்கிறீங்க, நான் இன்னும் சாப்பிடலையே” என்றார். அவர் உத்தியோகத்தில் அப்படி ஒரு நாள் நடந்ததே இல்லை. இதில் ஏதோ குற்றம் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே முடிவுக்கு வந்து ஜீப்பைச் சோதனை போடச் சொன்னார். சீரங்கன் பலாக்காயோடு பலாக்காயாக உருண்டு ஓடிவிட்டான். தவசி அகப்பட்டான்.

மேலப்பேட்டைக் கோர்ட்டில் அப்போது ஞானசம்பந்தம் என்பவர் ஜட்ஜாக இருந்தார். நல்ல மனிதர், ஒரே கவலை, தேங்கிக் கிடக்கிற வழக்குகள். தாத்தா போட்ட பாகப்பிரிவினை வழக்குக்குப் பேரன் வந்து வாய்தா வாங்கிப் போவான். தவசி வழக்கு வந்த முதல்நாள், பதினோரு மணிக்கு, சாம்பிள் எடுப்பதற்காக ஒரு பாளத்தை உடைக்கச் சொன்னார். டவாலி சவரிமுத்து கத்தியை வைத்து நெம்பினார். பாளம் ஏடு ஏடாகப் பிரிந்தது. அதிலிருந்து ஏழுசுனையின் ஒரு முழு மத்தியானம் இறங்கிக் கோர்ட் ஹாலை நிறைத்து, ஜன்னல் வழியாக வழிந்து, பஜார் வரைக்கும் போனது.

யாரும் எழுந்து ஓடவில்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்றிலேயே நின்றது, ஜட்ஜ் அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார், அதற்கடுத்த வழக்கையும் கூப்பிடச் சொன்னார், பலாப்பழ ஈக்கள் மொய்க்க மொய்க்க வக்கீல்கள் வாதாடினார்கள், பாகப்பிரிவினைப் பேரனுக்குத் தீர்ப்புக் கிடைத்து அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அழுதான். கடைசியில் அந்த மத்தியானம் தீர்ந்து வெளிச்சம் மீண்டும் காலை வெளிச்சமானபோது மணி பதினொன்று அடித்தது.

ஞானசம்பந்தம் தாம்பாளத்தில் மிஞ்சியிருந்த பாளங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, “சாம்பிள் போதாது. அடுத்த வாய்தாவுல இன்னொண்ணு எடுக்கணும்” என்றார்.

அப்புறம் வாராவாரம் தவசியைக் கொண்டுவருவதும், ஒரு பாளத்தை உடைப்பதும், மற்றவர்கள் வழக்கெல்லாம் முடிவதும், தவசி வழக்கு மட்டும் தள்ளிப்போவதும் வழக்கமாகிவிட்டது. மேலப்பேட்டை அதற்குப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாய்தா நாளில் சாப்பாட்டுக்கடைகளில் இரண்டு பந்தி. மதுரைக்குப் பஸ் எப்போது என்று கேட்டால் கண்டக்டர், “மொதப் பதினொண்ணா, ரெண்டாவது பதினொண்ணா” என்று திருப்பிக் கேட்பார். கோழிகள் ஒரே நாளில் இரண்டு தடவை முட்டையிட்டு இளைத்துப்போயின. வியாபாரிகள் சங்கம் கூடி, தவசி வழக்கை அவசரப்பட்டு முடித்துவிட வேண்டாம் என்று மாலை மரியாதையோடு ஜட்ஜிடம் கேட்டுக்கொண்டது.

சடச்சி முதல்தடவை மலையிறங்கி வந்தது புருஷனைப் பார்க்கத்தான். கோர்ட் ஹாலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பாளம் உடைந்ததும் வெயில் வந்தது, பலா வாசனை வந்தது, பின்னாலேயே மரம் அறுக்கிற மாதிரி ஒரு குறட்டைச் சத்தம் வந்தது. ஜட்ஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் சவரிமுத்துவைப் பார்த்தார்கள். சவரிமுத்து தான் விழித்திருப்பதைக் காட்டக் கண்ணை அகலத் திறந்துகொண்டார்.

சடச்சி எழுந்து நின்றாள். “சாமி, அது என் கொறட்டை.”

“நீ முழிச்சிட்டிருக்கியேம்மா” என்றார் ஜட்ஜ்.

“இப்ப முழிச்சிருக்கேன். அது அப்பத் தூங்கினது. எங்க களத்துல, பலாமரத்தடியில. இந்த வெயிலும் எங்களுதுதான். இந்தா, இந்த ஈகூட எங்க ஊரு ஈ.”

அரசு வக்கீல் தனுஷ்கோடி எழுந்தார். “கனம் கோர்ட்டார் அவர்களே, பார்சலுக்குள்ள இருந்து வர்றது எதுவா இருந்தாலும் கேஸ் ப்ராப்பர்ட்டி. குறட்டையும் அதுல அடக்கம்.”

“ஏன் வக்கீலய்யா, எங்கொறட்டைய நீ வச்சிக்கிட்டு என்ன பண்ணுவ” என்றாள் சடச்சி. “உனக்கு இல்லாததா.”

ஹாலில் சிரிப்பு எழுந்தது. ஜட்ஜ் மேசையைத் தட்டினார். “உனக்கு என்னம்மா வேணும், அதைச் சொல்லு.”

“ஒரு பாளம் வேணும் சாமி. எல்லாத்தையும் கேக்கல. பாலுக்கு உறை ஊத்துறதில்லையா, அந்த மாதிரி. பழைய மத்தியானம் கொஞ்சம் களத்துல ஊத்துனாத்தான் புது மத்தியானம் பிடிக்கும். உறைக்குக்கூட மிச்சமில்லாம நீங்க பூராவையும் ஒடச்சுத் தீத்துட்டா, எங்க ஊருல பொழுது காலையில வெடிஞ்சு உச்சியிலயே அடையும். மொளகு காயாது. ஆளு இருக்காது. நான் எங்க போயிப் படுப்பேன்.”

ஞானசம்பந்தத்துக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் அவர் முன்னால் இன்னும் தீராத வழக்குகள் மார்பளவுக்கு இருந்தன, அன்றைய மத்தியானம் வேறு கரைந்துகொண்டிருந்தது. “பரிசீலிக்கப்படும்” என்றார். அதைக் கேட்டுப் பழகியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பரிசீலிக்கப்பட்டது. பாளங்கள் குறைந்துகொண்டே வந்தன, வழக்குகளும் குறைந்துகொண்டே வந்தன, ஜட்ஜும் பாளத்தின் தரத்தை உடைக்கும் முன்பே சொல்கிற அளவுக்குத் தேர்ந்துவிட்டார். எடுத்து முகர்ந்து, காதருகே வைத்துத் தட்டி, “இது மாசி மத்தியானம், காற்று இருக்கும், சாட்சி விசாரணைக்கு உகந்தது” என்பார். கடைசியில் இரண்டே பாளம் மிஞ்சின. ஒன்று தவசி அமுக்கியது, ஓரம் கத்தியால் வெட்டினாற்போல நேர். இன்னொன்று சீரங்கனுடையது. ஐகோர்ட்டிலிருந்து ஒருவர் சோதனைக்கு வருவதாக இருந்ததால், நல்லதை அன்றைக்கென்று எடுத்துவைத்துவிட்டு, ஞானசம்பந்தம் மற்றதை உடைக்கச் சொன்னார். கடைசி பெஞ்சிலிருந்து சடச்சி, “நான் கேட்டதுக்கு என்னத்தையாவது ஒரு பதிலச் சொல்லிட்டு ஒடைங்க சாமி” என்றாள். சவரிமுத்து அதற்குள் நெம்பிவிட்டார்.

அது ஏடு ஏடாகப் பிரியவில்லை. பொலபொலவென்று உதிர்ந்தது. மேசை மேல் விதைகள் ஓடின. ஹாலுக்குள் தூறல் போட்டது. தூறலோடு கோவில் மணிச் சத்தமும், எலுமிச்சை மூடியில் நெய் எரிகிற வாசனையும் வந்தன. வெளியே மேலப்பேட்டையில் வியாழக்கிழமை, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே வந்தது செவ்வாய்க்கிழமை மூன்று மணி. சீரங்கன் அவசரத்தில் கிழமை பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை, ராகுகாலத்தின் முதல் நொடியில் கைவைத்து அமுக்கியிருந்தான்.

மூக்கில் எலுமிச்சை வாசனை ஏறியதும் கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். ராகுகாலத்தில் ஏற்கனவே தொடங்கினதைத் தொடரலாம், புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. வாதத்தை ஆரம்பிக்க வாயைத் திறக்கப்போன தனுஷ்கோடி வாயை மூடிக்கொண்டார். சாட்சிக்கூண்டில் ஒரு காலை எடுத்துவைத்தவர் மற்ற காலைக் கீழேயே வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தவர்கள், கிளம்புவதும் ஒரு தொடக்கம்தானே என்று உட்கார்ந்தார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவந்த ஜட்ஜ், நம்பிக்கை இல்லை என்பதைப் புதிதாகச் சொல்ல ஆரம்பிக்க இது நேரமில்லை என்று பேனாவைக் கீழே வைத்தார். சவரிமுத்து மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர், ராகுகாலம் பார்க்காதவர், ஆனால் ஜட்ஜ் பார்க்கிற ராகுகாலத்தை டவாலி பார்க்காமல் இருந்தால் அது வேலைக்கு ஆகாது என்று அவரும் அசையாமல் நின்றார்.

ஒன்றரை மணி நேரம்தானே என்று எல்லோரும் பொறுத்திருந்தார்கள். அங்கேதான் சரக்கின் தரம் வேலையைக் காட்டியது. களையாமல் விட்ட விதை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மூன்று மணி இருந்தது. நாலரை ஆகப்போகிற நேரத்தில் ஒரு விதை வெடிக்கும், மறுபடி மூன்று மணியாகும், கோவில் மணி அடிக்கும், தூறல் போடும். பஜாரில் தராசுத் தட்டைத் தூக்கின கடைக்காரர் அதைத் தூக்கியபடியே இருந்தார். விளக்குப் போடுவது மட்டும் ராகுகாலத்துக்கே உரியது என்பதால், துர்க்கை சந்நிதியில் கூட்டம் நெரிந்து, ஊரிலிருந்த எலுமிச்சை எல்லாம் தீர்ந்து, நாரத்தைக்குப் போய், அதுவும் தீர்ந்து, கடைசியில் தக்காளியைப் பாதியாக வெட்டி விளக்கேற்றினார்கள்.

சடச்சி கடைசி பெஞ்சில் இருந்து எல்லோரையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேராக ஜட்ஜின் மேசைக்குப் போய், தவசி அமுக்கின நல்ல பாளத்தை எடுத்து மடியில் வைத்தாள். ஏட்டையா பார்த்துக்கொண்டிருந்தார். அவளைத் தடுக்கலாம்தான், ஆனால் தடுக்க ஆரம்பிக்க வேண்டும். ஜட்ஜ் உத்தரவு போடலாம்தான், உத்தரவைத் தொடங்க வேண்டும். தனுஷ்கோடி ஆட்சேபணையைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்து அங்கேயே வைத்துக்கொண்டார்.

கூண்டில் நின்ற தவசி மட்டும், மணி அடிப்பதற்கு முன்பே ஒரு கொட்டாவியைத் தொடங்கிவிட்டிருந்ததால், திறந்த வாய் திறந்தபடி அந்தக் கொட்டாவியிலேயே பேசினான்.

“ஏ புள்ள. ராகுகாலம்.”

“உனக்கு” என்றாள் சடச்சி. “எங்க ஊர்ல ராகுகாலம் ஏது. அதையும் சேத்துத்தான நீ அமுக்கிட்ட.”

அவள் படியிறங்கி, அசையாமல் நின்ற பஜார் வழியாக, நின்ற பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு, மலைப்பாதையில் ஏறினாள். செக்போஸ்டில் தூறல் இல்லை, அதுவரை எட்டவில்லை. ஆனால் காவலுக்கு இருக்க வேண்டிய ஆட்கள் எல்லாம் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போயிருந்தார்கள்.

மேலப்பேட்டை எப்படி விடுபட்டது என்று கேட்பீர்கள். கோர்ட் ஓட்டுக்குக் கீழே குடியிருந்த புறாக்களுக்கு ராகுகாலம் கிடையாது. அவை இறங்கி வந்து மேசை மேலும் தரையிலும் கிடந்த விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கின. கடைசி விதை உள்ளே போனதும் நாலரை அடித்தது. அந்தப் புறாக்கள் பிறகு எந்தக் கிழமையும் மூன்று மணிக்குமேல் பறந்ததில்லை என்கிறார்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை என்பார்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்வதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

தவசி வழக்கு அடுத்த வாரம் ஒருவழியாக விசாரணைக்கு வந்தது. தாம்பாளம் காலியாக இருந்தது. பிடிபட்ட சரக்கு எங்கே என்று கேட்டதற்கு, சாம்பிள் எடுத்த வகையில் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. எடுத்த சாம்பிள் எங்கே என்றதற்கு, எல்லோரும் ஜட்ஜைப் பார்த்தார்கள். ஞானசம்பந்தம் தன் வாழ்நாளிலேயே மிகச் சின்ன தீர்ப்பை எழுதினார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோர்ட் கலைகிறது.

தவசி மலையேறினான். பாதி வழியில் பொழுது உச்சிக்கு வந்தது. இனி இருட்டிவிடும் என்று நடையை எட்டிப் போட்டான், ஆனால் இருட்டவில்லை. வெயில் நிதானமாக ஒரு பக்கம் சாய்ந்து, அவன் நிழலைக் கொஞ்சம் நீளமாக்கியது. தனக்குப் பின்னால் நிழல் நீள்வதை அவன் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, யாரோ தொடர்ந்து வருகிறார்கள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டான்.

ஊரில் யாரும் அவனை விசாரிக்க வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேண்டாவெறுப்பாக வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆடுகள் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. களம் முழுக்க மிளகு பரத்திக் கிடந்தது, பாதி பச்சை, பாதி கறுப்பு. நடுவில் பாளத்தைப் பொடித்துத் தூவிய இடம் தெரிந்தது. பூவை எல்லாம் காற்று கொண்டுபோய்விட்டிருந்தது, வெளிச்சம் மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் கெட்டியாக, உறை விழுந்த பால் மாதிரி நின்றது. பலாமரத்தடியில் சேலையை விரித்துச் சடச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை மலை முழுக்கக் கேட்டது.

எழுப்பலாமா என்று ஓரடி வைத்தான். அப்போது அந்தக் கெட்டி வெளிச்சத்திலிருந்து ஜாக்கி கிறீச்சிடுகிற சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே அவனுடைய சொந்தக் குரல், இரண்டு வருஷத்துக்கு முந்தைய குரல், உற்சாகமாகக் கத்தியது. “அமுக்கு மாப்ள. இன்னும் ஒரு அமுக்கு. இன்னும் கொஞ்சம் எறங்கும்.”

சடச்சி புரண்டு படுத்தாள். குறட்டை ஒரு கணம் நின்றது.

தவசி குரல் வந்த பக்கம் திரும்பி, வாயில் விரலை வைத்து, “யோவ், சும்மா இரு. புள்ள தூங்குது” என்றான்.

குரல் அடங்கியது. குறட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தவசி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, களத்தில் இறங்கி, சத்தம் வராமல் காலாலேயே மிளகைத் துழாவிப் புரட்டிவிட ஆரம்பித்தான்.